காலடி விளக்கு

எம் தாயார் விளக்கை 'அணை' என்று ஒருநாளும் சொன்னதில்லை. 'விளக்கை அமர்த்து' என்பார். சில வேளைகளில் 'குளிர வை' என்பார். அணைத்தல் என்னும் சொல் வீட்டுக்கு ஆகாது என்பது அவர் கொள்கை. செங்கத்தை அடுத்த சிற்றூரில், அகல் விளக்கும் மண்ணெண்ணெய் விளக்கும் எரிந்த வீட்டில் வாழ்ந்தவர் அவர். எண்ணெயின் அருமை அறிந்தவர். ஆதலின், ஏற்றிய விளக்கை உரிய நேரத்தில் அமர்த்துவதும் ஏற்றுவதைப் போன்றதொரு கடமையே என்று பிள்ளைகளாகிய எமக்குக் கற்பித்தார். அந்தப் பாடத்தை நாம் பொம்மசந்திராவில், ஒரு பழைய மோட்டார் காரின் வாயிலாக, அறுபதை நெருங்கும் அகவையில் மறுமுறை படிக்க நேர்ந்தது. பட்ட அனுபவத்தை அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். கார் வைத்திருப்போர்க்கு இதனால் பயன் உண்டு. வாங்க எண்ணியிருப்போர்க்கும் உண்டு.

பொம்மசந்திரா ஆனேக்கல் வட்டத்தைச் சேர்ந்தது. ஓசூர்ச் சாலையில் எலெக்ட்ரானிக் சிட்டியையும் ஹெப்பகோடியையும் கடந்தால் தொழிற்பேட்டை வந்துவிடும். மேலும் சென்று சந்தாபுரத்தையும் அத்திப்பள்ளியையும் தாண்டினால் தமிழ்நாட்டின் எல்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி, வேலூர், திருவண்ணாமலை எனப் பல மாவட்டங்களிலிருந்தும் பிழைப்பு நாடி வந்து இங்கே குடியமர்ந்த குடும்பங்கள் பல. நாமும் அவ்வாறு வந்தவரே. இயந்திர உறுப்புகள் செய்யும் ஆலையொன்றில் பணியாற்றி, பிள்ளைகளைப் படிக்க வைத்து, இவ்வூரையே ஊராகக் கொண்டுவிட்டோம். 2025 ஆகஸ்டு 10ஆம் நாள் ஆர்.வி. ரோடு முதல் பொம்மசந்திரா வரையிலான மெட்ரோ மஞ்சள் வழித்தடம் திறக்கப்பட்டது. பத்தொன்பது கிலோமீட்டர், பதினாறு நிலையங்கள். நகருக்குள் சென்றுவர இன்று நமக்குக் குறையில்லை. ஆனால் ஊருக்குப் போகும் வழிக்கு மெட்ரோ இல்லை. நள்ளிரவில் ஊரிலிருந்து ஒரு செய்தி வந்தால், வாசலில் நிற்கும் காரே நமக்கும் பிறந்த மண்ணுக்கும் இடையே உள்ள பாலம். அதற்காகவே, எட்டாண்டுகள் ஓடிய ஒரு சிறு காரை மாதத் தவணையில் வாங்கி வைத்திருந்தோம்.

எம் இளைய மகன் பட்டயப் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு அது. ஆயுத பூஜை நெருங்கியது. முதற்சம்பளங்களில் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு காருக்கு ஏதேனும் செய்ய வேண்டும் என்னும் ஆசை அவனுக்கு. மோட்டார் உதிரிப் பொருள்களுக்கும் அணிகலன்களுக்கும் பேர்போன ஜே.சி. ரோட்டுக்குச் சென்று, நீல ஒளி வீசும் எல்.இ.டி. பட்டை விளக்குகள் நான்கு வாங்கி வந்தான். முன்னிருக்கைகளின் காலடியில் இரண்டு, பின்னிருக்கைகளின் காலடியில் இரண்டு. 'வீண் செலவு' என்று சொல்ல வாயெடுத்தோம். அவன் முகத்தைக் கண்டதும் சொல்ல மனம் வரவில்லை. தன் உழைப்பில் வந்த முதற்பொருளை வீட்டுக்குச் செலவிடும் பிள்ளையை எந்தத் தந்தைதான் தடுப்பார்?

அந்த நீல ஒளிக்கும் ஒரு வரலாறு உண்டு. கண்ணுக்குப் புலனாகும் சிவப்பு எல்.இ.டி.யை அமெரிக்காவில் நிக் ஹோலோன்யாக் என்பவர் 1962இல் செய்து காட்டினார். நீலத்தைப் பெறுவதோ எளிதாக இல்லை. மேலும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஜப்பானியராகிய அகசாக்கி, அமானோ, நாகமுரா என்னும் மூவர் அதனை நிறைவேற்றினர். அதற்காக 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவர்களுக்கு வழங்கப்பெற்றது. நீலம் கிடைத்த பின்னரே வெள்ளை எல்.இ.டி.யும் கைகூடியது; இன்று நம் வீடுகளில் எரியும் விளக்குகள் எல்லாம் அதன் வழி வந்தவை. அத்துணை அறிஞரின் உழைப்பு, சில நூறு ரூபாய்க்கு எம் காரின் காலடிக்கு வந்து சேர்ந்தது.

மகனும் அவன் தோழனும் ஒரு மாலைப் பொழுதில் அவற்றைப் பொருத்திவிட்டனர். சிவப்பு ஒயரை, எந்நேரமும் மின்சாரம் ஓடும் ஒயர் ஒன்றோடு முறுக்கிச் சுற்றினர். கறுப்பு ஒயரைக் காரின் இரும்பு உடலோடு சேர்த்து முடுக்கினர். இடையே ஸ்டீயரிங்குக்குக் கீழே ஒரு சிறு சுவிட்சு. சுவிட்சைத் தட்டினால் விளக்கு எரியும். மறுபடி தட்டினால் அமரும். பியூஸ் ஏதும் வைக்கவில்லை. ஆயுத பூஜை அன்று காரைக் கழுவிச் சந்தனம் பூசி, வாழைக்கன்று கட்டி, சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்தபோது, உள்ளே நீல ஒளி பரவியிருந்தது. தெருப் பிள்ளைகள் எட்டி எட்டிப் பார்த்தனர். நாமும் பெருமைப்பட்டோம் என்பதை மறைப்பதற்கில்லை.

மூன்று நாள் கழித்துச் சனிக்கிழமை இரவு எட்டு மணிக்கு மகன் தன் நண்பர்களுக்கு அந்த விளக்கைக் காட்டினான். காட்டியவன் சுவிட்சைத் தட்ட மறந்தான். இரவு கழிந்தது. ஞாயிற்றுக்கிழமை முழுதும் வெயிலில் நின்றது கார். பகலவன் ஒளியில் இருக்கைக்கு அடியில் எரியும் விளக்கு யார் கண்ணுக்குத் தெரியும்? அன்று வெளியே செல்லும் வேலையும் எங்களுக்கு இருக்கவில்லை.

திங்கட்கிழமை விடியற்காலை நான்கு மணி. ஊரிலிருந்து அண்ணியார் பேசினார். தமையனார் மஸ்கட்டில் வேலை பார்ப்பவர். ஊரில் தாயாரைப் பேணிவருபவர் அண்ணியாரே. "தம்பி, அத்தைக்கு வாய் கோணிவிட்டது. பேச்சு வரவில்லை. ஆம்புலன்சில் திருவண்ணாமலைக்குக் கொண்டு போகிறேன். உடனே புறப்பட்டு வாருங்கள்" என்றார். அவ்வளவுதான். மாற்றுத் துணியைப் பைக்குள் திணித்துக்கொண்டு ஓடினோம். சாவியில் உள்ள பொத்தானை அழுத்தினோம், கதவு திறக்கவில்லை. துளையில் சாவியிட்டுத் திறந்தோம். உள்ளே எந்த விளக்கும் எரியவில்லை. சாவியைத் திருப்பினோம். கார் ஒரு முனகல்கூட முனகவில்லை. மகன் குனிந்து பார்த்தான். சுவிட்சு 'எரி' என்னும் பக்கமே சாய்ந்திருந்தது. அவன் முகத்தை நாம் அப்போது பார்த்திருக்கக் கூடாது.

பழைய காலத்து மோட்டார்களில் முன்புறம் கைப்பிடியிட்டுச் சுழற்றுவார்கள். சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின் ஸ்டார்ட்டர் 1912இல் கேடிலாக் கார்களில் வந்தபின் அந்தக் கைப்பிடி மெல்ல மெல்ல மறைந்தது. அன்றிலிருந்து பாட்டரியே காரின் உயிர்நாடி. தள்ளிப் பார்க்கலாம் என்று எண்ணி மூவரும் தெருமுனை வரை தள்ளினோம். பயனில்லை. பாட்டரி அடியோடு வற்றிவிட்டால், பெட்ரோலை ஏற்றும் பம்புக்கும் எஞ்சினை ஆளும் கணிப்பொறிக்கும் மின்சாரம் இராது. இக்காலத்துக் கார் தள்ளுவதற்குப் பணியாது.

நாங்கள் தள்ளிய ஓசையில் பக்கத்து வீட்டு நண்பர் விழித்துக்கொண்டார். கன்னடக்காரர், சிறு சரக்கு வண்டி ஓட்டிப் பிழைப்பவர். "ஏனாயித்து சார்?" என்று கேட்டவர், தாயாரின் செய்தி அறிந்ததும் மறுமொழி கூறாமல் தம் வண்டியைக் கொணர்ந்து எம் காரின் முகத்தோடு முகம் சேர நிறுத்தினார். ஜம்பர் கேபிள் அவரிடம் இல்லை. அடுத்த தெருவில் உள்ள ஓட்டுநர் ஒருவரை எழுப்பி வாங்கி வந்தார். சிவப்புக் கம்பியின் ஒரு முனையை எம் பாட்டரியின் கூட்டல் முனையிலும், மறுமுனையைத் தம் பாட்டரியின் கூட்டல் முனையிலும் மாட்டினார். கறுப்புக் கம்பியைத் தம் பாட்டரியின் கழித்தல் முனையில் மாட்டி, அதன் மறுமுனையைப் பாட்டரிக்கு எட்ட, எம் எஞ்சினின் வெறும் இரும்பில் கவ்வ வைத்தார். பாட்டரிக்கு அருகே பொறி பறந்தால் அதிலிருந்து எழும் வாயு தீப்பற்றக்கூடும் என்பதே அதற்குக் காரணம் என்று பின்னர் அறிந்தோம். தம் வண்டியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, "ஈக ஸ்டார்ட் மாடி" என்றார். கார் உயிர்பெற்றது. அப்போது மணி ஐந்து இருபது.

ஓசூர், கிருஷ்ணகிரி, ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டை, செங்கம் என்று நாம் பலமுறை கண்ட ஊர்கள் அன்று ஒவ்வொன்றும் ஒரு காதமாய் நீண்டன. மருத்துவமனையை அடைந்தபோது தாயாருக்கு மருத்துவம் தொடங்கியிருந்தது. ஒப்புதல் தாள்களில் அண்ணியாரே கையொப்பம் இட்டிருந்தார். மெலிந்த அந்தக் கையெழுத்து நடுங்கியிருந்தது. எங்களைக் கண்டதும் அவர் குறையேதும் சொல்லவில்லை. அழுதுகொண்டே உள்ளே அழைத்துச் சென்றார். இலேசான பக்கவாதம் என்றும், விரைவில் கொண்டுவந்தது நன்மையாயிற்று என்றும் மருத்துவர் கூறினார். நாங்கள் முன்னதாக வந்திருந்தாலும் மருத்துவத்தில் மாறுதல் இருந்திராது என்றும் ஆறுதல் கூறினார். உண்மைதான். ஆயினும், அந்தத் தாழ்வாரத்தில் அண்ணியார் தன்னந்தனியே நின்ற அந்த ஒரு மணி இருபது நிமிடத்துக்கு எம்மிடம் விடை இல்லை. இன்றும் இல்லை.

தாயார் தேறிவரும் நிலை கண்டு, பத்து நாள் கழித்துப் பொம்மசந்திரா திரும்பினோம். திரும்பிய அன்றே மகன் அந்த விளக்குகளைப் பிடுங்கிக் குப்பையில் எறியப் போனான். நாம் தடுத்தோம். குற்றம் விளக்கினுடையதா, அது இணைக்கப்பட்ட முறையினுடையதா என்று பார்த்துவிடலாம் என்றோம். ஆலையில் முப்பதாண்டு பழகிய எமக்கு ஒன்று தெரியும்: பழுதான பொருளை எறிவது எளிது, பழுதின் வேரைக் காணாவிட்டால் அடுத்த பொருளும் அதே வழியில் பழுதாகும்.

ஜிகணி இணைப்புச் சாலையில் தகரக் கொட்டகையில் கடை வைத்திருக்கும் மோட்டார் எலெக்ட்ரீசியன் ஒருவர் உண்டு. முதியவர், தமிழும் கன்னடமும் இந்துஸ்தானியும் ஒரே வாக்கியத்தில் கலந்து பேசுவார். காரைப் பார்த்தவர் முதலில் மகனிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"இந்த விளக்குக்கு எஜமான் யார்?"

"சுவிட்சு" என்றான் மகன்.

"சுவிட்சுக்கு எஜமான்?"

"நான்."

"நீ மறந்தால்?"

மகன் விடை கூறவில்லை. முதியவர் சிரித்துக்கொண்டே காரின் கூரையைக் காட்டினார். "இதோ இருக்கிறதே, கம்பெனிக்காரன் வைத்த விளக்கு. இதற்கு எஜமான் கதவு. கதவு மறக்காது" என்றார். அவர் அன்று விளக்கியதை, எமக்கு விளங்கிய அளவில் இங்கே எழுதுகின்றோம்.

பெரும்பாலான கார்களில் கூரை விளக்கின் ஒரு முனைக்குப் பாட்டரியிலிருந்து பியூஸ் வழியாக எந்நேரமும் 12 வோல்ட் மின்சாரம் வந்து நிற்கும். மறுமுனையே கட்டுப்பாட்டுக்கு உரியது. 'கதவு' என்னும் நிலையில் சுவிட்சு இருந்தால், அம்முனையிலிருந்து ஓர் ஒயர் கதவுச் சட்டங்களில் உள்ள சிறு பொத்தான்களுக்குச் செல்லும். கதவு சாத்தியிருக்கும்போது அப்பொத்தான் அழுந்தி இருக்கும். சுற்று முழுமை பெறாது. கதவு திறந்ததும் பொத்தான் வெளியே வந்து அந்த ஒயரைக் காரின் உடலோடு, அதாவது எர்த்தோடு, சேர்த்துவிடும், விளக்கு எரியும். ஆக, வெட்டுவதும் சேர்ப்பதும் எர்த் பக்கத்திலே நிகழ்கின்றன. எம் மகன் செய்த பிழை இதுதான்: கறுப்பு ஒயரை நேரே உடலோடு சேர்த்தமையால், அவன் விளக்குக்குக் கதவோடு எவ்வகை உறவும் இல்லாமற் போயிற்று.

கதவு ஒயரைக் கண்டுபிடிப்பதற்கு வழி எளிது. கூரை விளக்கின் சுவிட்சைக் கதவு நிலையில் வைத்து, மல்டிமீட்டரின் ஒரு முனையை உடலிலும் மறுமுனையை அந்த ஒயரிலும் வைத்துப் பார்க்க வேண்டும். கதவு சாத்தியிருக்கும்போது 12 வோல்ட் காட்டும். திறந்ததும் சுழியத்துக்கு இறங்கும். இவ்வாறு காட்டினால் அதுவே நாம் தேடும் ஒயர். இதற்கு மாறாகக் கூட்டல் பக்கத்தை வெட்டிச் சேர்க்கும் கார்களும் உண்டு. ஆதலின் அளந்து பாராமல் ஒயரைத் தொடலாகாது.

பிறகு முதியவர் வேலையைத் தொடங்கினார். முதலில் பாட்டரியின் கழித்தல் முனையைக் கழற்றி வைத்தார். பழைய இணைப்புகளைப் பிரித்தபோது எம்மை ஒன்று நடுங்க வைத்தது. ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே, இருக்கை முன்னும் பின்னும் நகரும் இரும்புத் தண்டவாளத்தில் சிவப்பு ஒயர் உரசி, மேலுறை பாதி தேய்ந்திருந்தது. பியூஸும் இல்லை. இன்னும் சிறிது தேய்ந்து செம்பு இரும்பைத் தொட்டிருந்தால், பாட்டரியின் முழு ஆற்றலும் அந்த மெல்லிய ஒயரில் பாய்ந்து அதனைப் பழுக்கக் காய்ச்சியிருக்கும். இருக்கைப் பஞ்சு தீப்பற்ற அதற்குமேல் என்ன வேண்டும்? கார் நின்றுபோனது எங்களுக்கு நேர்ந்த கேடுகளில் சிறியது என்பதை அப்போதே உணர்ந்தோம்.

அவர் செய்த இணைப்பு இது. பட்டை விளக்குகளின் சிவப்பு ஒயர்களை ஒன்றாக்கி, ஒரு சிறு பியூஸ் வழியாக, கூரை விளக்கின் கூட்டல் முனையில் சேர்த்தார். கறுப்பு ஒயர்களை ஒன்றாக்கி அதே விளக்கின் மறுமுனையில் சேர்த்தார். அவ்வளவே. கூரை விளக்கு எரிந்தால் காலடி விளக்கும் எரியும். அது அமர்ந்தால் இதுவும் அமரும். காரைக் கழுவுவதற்காக எல்லாக் கதவுகளையும் திறந்து வைக்கும் நாளில், கூரை விளக்கின் சுவிட்சைத் தள்ளினால் இரண்டும் ஒன்றாக ஓய்வுகொள்ளும். எல்.இ.டி.க்குக் கூட்டல் கழித்தல் பேதம் உண்டு. சாதாரண பல்பைப் போல எப்படி மாட்டினாலும் எரியாது. மாற்றி மாட்டினால் ஒளி இராது என்பதையும் நினைவிற் கொள்ளல் வேண்டும்.

கணக்கையும் முதியவர் மகனைக் கொண்டே போட வைத்தார். பெட்டியில் எழுதியிருந்தபடி அப்பட்டை விளக்கு மீட்டருக்கு 14.4 வாட். முப்பது செ.மீ. வீதம் நான்கு துண்டுகள், மொத்தம் 1.2 மீட்டர், ஏறத்தாழ 17 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 1.4 ஆம்பியர். சனி இரவு எட்டு முதல் திங்கள் காலை நான்கு வரை 32 மணி நேரம். பெருக்கினால் 45 ஆம்பியர்-மணி. எம் பாட்டரியின் கொள்ளளவோ 35. "பானையில் இருப்பதைவிட அதிகம் கேட்டால் அது எங்கே போகும்?" என்றார் முதியவர். கதவின் ஆணைப்படி எரிந்தால், ஒரு நாளில் பத்து முறை திறந்து ஒவ்வொரு முறையும் ஒரு நிமிடம் எரிந்தாலும் கால் ஆம்பியர்-மணியைத் தாண்டாது. அத்துடன் அவர் நிற்கவில்லை. காலடிக்கு இவ்வளவு வெளிச்சம் வேண்டா என்று சொல்லி, ஒவ்வொரு துண்டையும் பாதியாக நறுக்கிவிட்டார். மின்சாரம் 0.7 ஆம்பியராகக் குறைந்தது; அழகு குறையவில்லை.

பூஜை நாள்களில் கதவு சாத்தியிருக்கும்போதும் காலடி விளக்கு மட்டும் எரிய வேண்டும் என்று விரும்புவோர் தனிச் சுவிட்சும் வைக்கலாம். அப்போது ஓர் இடர் உண்டு. அந்தச் சுவிட்சு கறுப்பு ஒயரை எர்த்தோடு சேர்க்கும்போது, அதனோடு இணைந்த கூரை விளக்கும் சேர்ந்து எரியும். இதனைத் தடுப்பது டையோடு என்னும் சிறு உறுப்பு. மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விட்டு, மறு திசையில் தடுப்பது அதன் இயல்பு. அதன் உடலில் கோடு உள்ள பக்கம் கதவு ஒயரை நோக்கி இருக்க வேண்டும். ஓர் ஆம்பியர் தாங்கும் 1என்4007 என்னும் வகை எஸ்.பி. ரோட்டுக் கடைகளில் மிகக் குறைந்த விலைக்குக் கிடைக்கும். எமக்கு அந்தத் தனிச் சுவிட்சு வேண்டியிருக்கவில்லை. மனிதனை எஜமானாக வைத்ததன் பலனை ஒருமுறை கண்டது போதும் என்றோம்.

புதிய கார்களுக்கு மற்றொரு எச்சரிக்கை. அவற்றில் கதவுப் பொத்தான் நேரே விளக்கை ஆள்வதில்லை. ஒரு சிறு கணிப்பொறி ஆளுகிறது. விளக்கு திடீரென அமராமல் மெல்ல மெல்ல மங்குவதைக் கண்டிருப்பீர்கள். அது அதன் வேலை. கூடுதல் விளக்குகளை அதன்மேல் சுமத்தினால் அது பழுதாகக்கூடும். மாற்றும் செலவு விளக்கின் விலையைப்போல் பல மடங்கு. சுமையைத் தனி பியூஸ் வழியாக நேரே பாட்டரியிலிருந்து பெற்று, ஆணையை மட்டும் கூரை விளக்கிடமிருந்து பெறுவதற்கு ரிலே என்னும் கருவி உண்டு. ஆயினும், மெல்ல மங்கும் விளக்கோடு ரிலேயை இணைத்தால் அது படபடவென்று அடித்துக்கொள்ளவும் கூடும். அத்தகைய கார்களில் அதன் ஒயரிங் படத்தைப் படிக்க அறிந்தவரிடம் விடுவதே அறிவுடைமை. ஒயரை வெட்டி ஒட்டினால் உற்பத்தியாளர் தந்த உத்தரவாதத்துக்கு ஊறு நேரலாம் என்பதையும் முன்னரே கேட்டறிக. மஞ்சள் உறையிட்ட ஒயர்களை எக்காரணம் கொண்டும் தீண்டற்க. அவை பெரும்பாலும் காற்றுப் பைகளுக்கு உரியவை. பெடல்களுக்கு அருகே ஒயர் தொங்கவிடலாகாது என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

சட்டத்தின் எல்லையையும் அறிந்திருத்தல் நலம். 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி, விதிவிலக்குப் பெற்ற ஊர்திகள் தவிர மற்றவை முன்புறம் சிவப்பு ஒளி காட்டலாகாது. உற்பத்தியாளர் வகுத்த அமைப்புக்கு மாறாக ஊர்தியை மாற்றலாகாது என்பதை 2019 சனவரியில் உச்ச நீதிமன்றமும் வலியுறுத்தியது. 2024 சூலையில் கர்நாடகக் காவல் துறையினர் எதிரே வருவோரின் கண்ணைக் கூசச் செய்யும் விளக்குகள்மேல் மாநிலமெங்கும் வழக்குத் தொடுத்தனர். காருக்குள் காலடியில் அடங்கி எரியும் விளக்கு வேறு; வெளியே பிறர் கண்ணைக் குத்தும் விளக்கு வேறு. உள்ளே எரிவதும் ஓடும்போது எரியலாகாது. இருளுக்குப் பழகிய ஓட்டுநரின் கண் அருகில் உள்ள ஒளியால் மயங்கிவிடும். ஓசூர்ச் சாலையின் இரவு நேரத்து லாரிகளுக்கிடையே அந்த மயக்கம் ஒரு நொடி நேரிட்டாலும் போதும், தீங்கு விளைய. கதவோடு எரிந்து கதவோடு அமரும் விளக்குக்கு அந்தக் குறையும் இல்லை.

பிழைக்க வந்த இடத்தில் நாமும் நம் பிள்ளைகளும் பல புதுப் பொருள்களை வாங்குகின்றோம். வாங்குவதில் தவறில்லை, அழகை விரும்புவதிலும் தவறில்லை. ஏற்கெனவே உள்ள ஒழுங்கோடு அது இசைந்து நிற்கிறதா, அதனை அமர்த்துவார் யார் என்று மட்டும் முன்னரே கேட்டுக்கொண்டால் போதும். எம் வாசலில் இப்போது ஜம்பர் கேபிள் ஒரு ஜோடி தொங்குகிறது. தெருவார் எவரும் எந்நேரத்திலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பக்கத்து வீட்டு நண்பரைக் கொண்டு கன்னடத்திலும், எம் கையால் தமிழிலும் எழுதி வைத்திருக்கின்றோம். அந்த விடியற்காலைக்கு நாம் செலுத்தக்கூடிய கைம்மாறு இவ்வளவே.

கார்த்திகைத் தீபம் கழிந்த வாரத்தில் தாயாரைப் பொம்மசந்திராவுக்கு அழைத்து வந்தோம். இருட்டிய பின் வீடு வந்து சேர்ந்தோம். அவருக்கு இடக்கால் இன்னும் சற்று இழுக்கும், கண்ணும் மங்கல். முன்பெல்லாம் காரிலிருந்து இறங்கும்போது காலால் துழாவித் துழாவிச் செருப்பைத் தேடுவார். அன்று மகன் ஓடிச்சென்று பாட்டிக்குக் கதவைத் திறந்தான். காலடியில் நீல ஒளி படர்ந்தது. தாயார் குனிந்து பார்த்தார்.

"செருப்பு இருக்கும் இடம் தெரிகிறதே! யார் வைத்தது?" என்றார்.

மகன் தலை குனிந்து நின்றான். "உங்கள் பேரன்தான்" என்றோம்.

அவன் தோளைப் பற்றிக்கொண்டு மெல்ல இறங்கினார். கதவைச் சாத்தினோம். தாயார் திரும்பிக் காரைப் பார்த்து, "தானே அமர்ந்துகொண்டதா?" என்று கேட்டார்.

"ஆம் அம்மா, தானே அமர்ந்துகொண்டது" என்றோம்.